ஒரு லட்சத்து மூன்று

கணக்கு மடத்துச் சீடர்களில் மாசிலாமணிக்குக் கர்வம் ஒரு படி கூடுதல். தலை நரைத்த பிறகு படிக்க வந்தவர், குருவான தத்தையம்மையை விட வயதில் மூத்தவர். ஒருநாள் சபை நடுவே மணலில் ஓர் எண்ணை எழுதினார்: ஒரு லட்சத்து மூன்று.

"மிச்சம் வராமல் இதை வகுக்க யாருக்காவது தைரியம் உண்டா? வகுபடும் வரை நான் சோற்றைத் தொடமாட்டேன். இது சபதம்!"

"ஒன்றால் வகுத்தால்?" என்றார் சமையற்காரர்.

"அது வகுப்பதா ஐயா? எண் எள்ளளவும் குறையவில்லையே!"

சபை சிரித்தது. தத்தையம்மை மட்டும் சிரிக்கவில்லை. "சாப்பிட்டுவிட்டுச் சபதம் போட்டிருக்கலாமே, மாசிலாமணியாரே" என்றார்.

சீடர்கள் மணலில் கவிழ்ந்தார்கள். ஏழால் வகுத்தவருக்கு ஒன்று மிச்சம். பதின்மூன்றால் வகுத்தவருக்கு ஏழு மிச்சம். மாசிலாமணிக்குப் பட்டினி மிச்சம்.

அன்று சாயங்காலம் வரை பெருமையாகத்தான் இருந்தது. வந்த வழிப்போக்கர்களெல்லாம் தோற்றுத் திரும்ப, மீசையை முறுக்கிக்கொண்டார். விடிந்ததும் வயிறு பேச ஆரம்பித்தது. அன்றைக்கென்று பார்த்து மடத்தில் விருந்து. உளுந்து வடை வாசனை நேராக அவர் மூக்கைத் தேடி வந்தது.

ஆற்றங்கரையில் ஒளிந்துகொண்டு தானே வகுத்துப் பார்த்தார். எங்காவது தப்பு செய்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். பாழாய்ப்போன கணக்கு சரியாகவே வந்தது. சபையில் தோற்கிறவனுக்காவது சோறு உண்டு, ஜெயித்தவனுக்கு அதுவும் இல்லையே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

பந்தி போடும் நேரத்தில் குருவின் முன்னால் போய் விழுந்தார்.

"குருவே, இது பகா எண். எந்த எண்ணாலும் இதை வகுக்க முடியாது. தெரிந்தேதான் சபதம் போட்டேன். இப்போது உயிர் போகிறது."

"எந்த எண்ணாலுமா?"

"ஒன்றால் வகுக்கலாம். குறையாமல் அப்படியே நிற்கும்."

"வேறு?"

"அதை அதனாலேயே வகுக்கலாம்."

"வகுத்துப் பாரும்."

மணலில் வகுத்தார்.

"மிச்சம்?"

"இல்லை."

"ஈவு?"

நேற்று சபையையே அதட்டியவர் இன்று மெல்லச் சொன்னார். "ஒன்று, குருவே. வெறும் ஒன்று."

தத்தையம்மை எழுந்து பந்திப் பக்கம் கை காட்டினார்.

"ஒரு லட்சத்து மூன்று பேருக்கு இங்கே இடமில்லை. அந்த ஒருவருக்கு இலை போட்டிருக்கிறது. வந்து உட்காரும்."