எழுபதில் நின்ற முள்

"அம்மா, இனிமேல் நான் உக்காரப் போறதில்லீங்க," என்றார் கிட்டுசாமி.

தவமணி முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஏனுங்ண்ணா?"

"ஒண்ணும் ஏறலீங்க."

கிட்டுசாமிக்கு அறுபது வயது. அரசு பஸ்ஸில் முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்து ஓய்வு பெற்றவர். தவமணி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பல்லடத்துக்குப் பக்கத்தில், கோழி வளர்ப்பை நிறுத்திவிட்ட ஒரு கொட்டகையைக் கழுவி எடுத்து, அங்கே தினமும் விடியலில் பத்துப் பேரைச் சும்மா உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் மூச்சைப் பார்க்க வேண்டும். மந்திரம் தந்திரம் ஒன்றும் கிடையாது.

கிட்டுசாமி அங்கே வந்து சேர்ந்தது கோபத்தால். அது மூக்கு நுனியிலேயே குடியிருந்த கோபம். சோற்றில் கல் கடிபட்டால் தட்டு வாசலில் கிடக்கும். அவர் மகள் சுகந்தி ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "இந்தச் சத்தத்துல எம் பொண்ணு வளர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போனாள். மூன்று வருடம் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் கொட்டகையில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் வந்தாள். இப்போது ஞாயிறு தவறாமல் பேத்தியோடு வருகிறாள். வந்தாலும் செருப்பைக் கிளம்பத் தோதாகத் தெருவைப் பார்த்துத்தான் கழற்றி வைப்பாள். கிட்டுசாமி அதைக் கவனித்தாலும் கேட்க மாட்டார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

"மொத மூணு மாசம் நல்லாத் தெரிஞ்சுதுங்க. வாரத்துக்கு வாரம் வித்தியாசம். தட்டு வீசறது நின்னுச்சு. கெட்ட வார்த்தை நின்னுச்சு. அப்பறம் ஒரு வருசமா அதே ஒரு மணி நேரம், அதே மூச்சு. மேல ஒண்ணையுங் காணோம். அதான் நிறுத்திப்போட்டேன்."

"எப்ப?"

"பத்து நாளாச்சுங்க. நிறுத்தியும் ஒரு வித்தியாசமும் இல்ல."

இதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தவமணி கொள்ளைப் பையில் கொட்டிக் கட்டினாள்.

"தாராபுரத்துல என் தங்கச்சி வீடு இருக்குதுங்ண்ணா. உங்க கார்ல கொண்டு போய் விடறீங்களா?"

வண்டி ஓட்டச் சொன்னால் கிட்டுசாமி மாட்டேன் என்று சொன்னதே இல்லை. சாவியை எடுத்தார்.

ஆடி மாதம். தாராபுரம் ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ரோடு வளையாமல் நெளியாமல் கிடந்தது. முன்னால் வண்டி எதுவும் இல்லை.

"அண்ணா, ஆக்சிலேட்டரை ஒரு அளவா மிதிச்சு, காலை அப்படியே வெச்சுக்குங்க. கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

கிட்டுசாமிக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அவரிடம் போய் இதைச் சொல்வதா? மிதித்து, காலை வைத்தார். அந்தக் கால் ஒரு நூல் அசையவில்லை.

நாற்பது. ஐம்பது. சீட் முதுகைத் தள்ளியது. அறுபது. பிறகு வேகம் காட்டும் முள் சோம்பேறித்தனமாக நகர்ந்து எழுபதைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. முதுகில் இருந்த தள்ளலும் போய்விட்டது.

"இப்ப ஏன் ஏறலீங்ண்ணா? கால் அதே கால்தானே?"

"வேகம் ஏற ஏற எதிர்க்காத்தும் ஏறுமுங்க. கால் தள்ளறதும் காத்து தள்ளறதும் சரிக்குச் சரியாப் போச்சுன்னா, முள்ளு அங்கயே நின்னுக்கும்."

"அப்ப இனி அந்தக் காலுக்கு அங்க என்ன வேலை?"

"அப்படிக் கேளுங்க!" கிட்டுசாமி உற்சாகமாகிவிட்டார். "டெப்போவுல டீசல் மிச்சம் பிடிச்சதுக்கு வருசா வருசம் எனக்குத்தான் சால்வை. ஏன்னு நினைக்கறீங்க? வேகம் பிடிச்சாச்சுன்னா நான் காலை எடுத்துருவேன். வண்டி அது பாட்டுக்கு ஓடும். உள்ள அம்பது பேரு உக்காந்திருப்பாங்க, ஒருத்தருக்கும் தெரியாது."

"எடுங்க, பாக்கலாம்."

எடுத்தார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பாத்தீங்களா?"

"ஆமாங்ண்ணா."

கேட்க ஆள் கிடைத்தால் கிட்டுசாமி விடுவாரா? ஒரு சித்திரை மாதம் காங்கேயம் ரூட்டில் மற்ற டிரைவர்கள் எல்லாம் டீசலை ஊற்றித் தள்ளியதையும், தான் மட்டும் மிச்சம் பிடித்துக் காட்டியதையும், மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கணக்கை இரண்டாம் முறை பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜரைப் போலவே பேசியும் காட்டினார். தவமணி ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

பின்னால் ஹாரன் அடித்தது.

கிட்டுசாமி கண்டுகொள்ளவில்லை. சால்வை போர்த்திய இடத்துக்கு இன்னும் கதை வரவில்லை.

மறுபடியும் ஹாரன். விடாமல் அடித்தது.

கிட்டுசாமி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

"எவன்டா அவன்? உங்கப்பன் போட்ட ரோடா? எறங்கி வந்தன்னா பல்லு கொட்டிப் போயிரும், நாயே!"

ஒரு மொபெட் காருக்குப் பக்கத்தில் வந்தது. ஓட்டியவள் ஒரு பெண். முன்னால் அவள் கைகளுக்கு நடுவில் நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று நின்றிருந்தது. அது இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு கிட்டுசாமியைப் பார்த்தது.

அந்தப் பெண் வண்டியை முறுக்கினாள். காரைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒரு மொபெட் தன் வண்டியைத் தாண்டிப் போவதைக் கிட்டுசாமி அப்போதுதான் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். முப்பதுக்கும் கீழே இருந்தது.

"எப்பக் குறைஞ்சுதுங்ண்ணா?" என்று கேட்டாள் தவமணி.

"தெரியலீங்க."

காரை ஓரங்கட்டி நிறுத்தினார். கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"போன ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப பேத்தியும் இப்படித்தானுங்கம்மா காதைப் பொத்துனா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"காது வலியாக்கும்னு," என்றார் கிட்டுசாமி. "கடைக்கு ஓடிப் போயி, சொட்டு மருந்து வாங்கியாந்து குடுத்தேனுங்க."