பங்குனியில் எடுத்த படம்

எந்த நாடு என்று கேட்க வேண்டாம். மரத்தை எண்ணாத நாடு இப்போது எது இருக்கிறது? அந்த நாட்டில் மரம் எண்ணுகிற அலுவலகத்துக்குத் தலைவர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்தேழு. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. மனம் குழம்பினால் மலையடிவாரத்து மடத்துக்குப் போய்விடுவார். அங்கே குரு நாச்சியாரம்மை. அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அன்றைக்கு விடிந்ததும் வந்துவிட்டார். முற்றத்தில் கிடக்கிற பாறைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து விரித்தார்.

“என்ன பொன்னுரங்கம், சாப்பிடாமல் வந்தீரா?”

“சோறு இறங்கவில்லை, அம்மா. நாளைக்குள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.”

“என்ன படம் இது?”

“செயற்கைக்கோள் மேலேயிருந்து நாட்டையே படம் பிடிக்கும். அதைக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். பச்சை தெரிந்தால் காடு. தெரியாவிட்டால் வெறும் நிலம்.” ஒரு வெளிறின இடத்தில் விரலை வைத்தார். “இது ஊமையன்மலை. வெறும் நிலம் என்று நான் கையெழுத்துப் போட்டால், மறுவாரமே கல் உடைக்க ஏலம் விட்டுவிடுவார்கள்.”

“வெறும் நிலம்தானா?”

“மலை முழுக்க வெக்காலி மரமும் ஒதிய மரமும். பங்குனியில் ஒரு இலை மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு நிற்கும். படம் எடுத்தது பங்குனியில்.”

“ஐப்பசியில் எடுக்கிறதுதானே?”

“ஐப்பசியில் எடுத்தால் மேகம்தான் விழும்.”

“நீர் அந்த மலைக்குப் போனதுண்டா?”

“போன கார்த்திகையில் ஏறினேன். உச்சிப்பொழுதிலும் இலைகளைத் தாண்டித் தரையில் வெயில் விழவில்லை.”

“பிறகென்ன?”

“படத்தில் பச்சை இல்லையென்றால் காடு இல்லை. அதுதான் விதி. நான் ஒன்றும் பொய் எழுதவில்லையே. இதில் என் தவறு என்ன, சொல்லுங்கள்.”

அம்மை சமையற்காரர் சடையனைக் கூப்பிட்டார். சடையன் தினமும் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, “சாப்பாடு உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் அரிசி அளப்பார். அன்றைக்கு அம்மை அவர் காதில் ஏதோ சொன்னார். சடையன் நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். முற்றத்தைப் பார்த்தார். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மதியம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தட்டு ஒவ்வொன்றாக வந்தது. பொன்னுரங்கத்தைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. சோறு வந்தது, அதுவும் தாண்டிப் போனது.

“சடையா, எனக்கு?”

“கணக்கில் நீங்கள் இல்லை, ஐயா.”

“காலையிலிருந்து முற்றத்தில்தானே இருக்கிறேன்?”

“மாடியிலிருந்து பார்த்தேன். தலை கறுப்பாகத் தெரிந்தால் ஆள். பளபளவென்று தெரிந்தால் பாறை. அம்மா சொன்ன விதி.”

பக்கத்தில் இருந்தவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. ரசத்தின் வாசனை வயிற்றைக் கிள்ளியது.

“இப்போது என்னைப் பார்க்கிறாய் அல்லவா?”

“நன்றாகப் பார்க்கிறேன். பசியில் முகம் கறுத்திருப்பதும் தெரிகிறது.”

“பிறகு?”

“எழுதினதை எழுதினபடி விட்டுவிட்டேன். நான் ஒன்றும் பொய் எழுதவில்லையே, ஐயா.”

பொன்னுரங்கம் அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பொன்னுரங்கம் படத்தை மறுபடி எடுத்து மடியில் விரித்தார். “படத்தின் ஓரத்தில் என் கையால் எழுதலாம். இது காடு என்று.”

“எழுதும்.”

“யார் பார்த்தது என்று கேட்பார்கள்.”

“பார்த்தவர் பெயர் உமக்குத் தெரியாதா?”

“ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது, அம்மா. வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டால்?”

அம்மை சமையற்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

“சடையா, இன்றிலிருந்து இவருக்கும் சேர்த்து உலை வை.”