ஈர வாய்க்கால்

“சாமி, என்ற தண்ணியெல்லாம் எங்கதான் போகுது?”

பாவாத்தாள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். கையிலிருந்த மோர்ச் சொம்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மடத்துச் சாமி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு மகன் வயது. பெரிய சாமி காலமான பிறகு, இந்தச் சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்று ஊரே தயங்கி நின்றபோது, முதல் ஆளாக வந்து காலில் விழுந்தவள் அவள். விழுந்து எழுந்த கையோடு, இப்படி எலும்பும் தோலுமாக இருந்தால் எவன் மதிப்பான் என்று திட்டியவளும் அவள்தான். அன்றிலிருந்து மடத்துக்கு மோர் வருகிறது.

“எந்தத் தண்ணிங்க ஆத்தா?” என்றார் சாமி.

“கெணத்துத் தண்ணிதானுங்க. மோட்டாரு நல்லாத்தான் எடுக்குது. மஞ்சக் காட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிருது.”

“எலி வளை இருக்குமோ?”

“எல்லாத்தையும் அடைச்சாச்சுங்க. புல்லைச் செதுக்கியாச்சு. கரையெல்லாம் களிமண்ணு அப்பியாச்சு. மோட்டாருக்குக் கெணத்துக்குள்ள இருக்கற புட்வால்வும் புதுசு. இன்னும் என்ன பண்றது, நானே வாய்க்கால்ல படுத்துக்கறதா?”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“மஞ்சள் காய்ஞ்சா பையன் இந்தத் தடவை விடமாட்டானுங்க. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூருக்கு வந்துருன்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். மூணாவது மாடி சாமி. காலைல எந்திரிச்சு எதைப் போய்ப் பார்க்கறது? செவுத்தையா?”

சாமி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“குழாய் போட்டுரலாமே?”

“வாய்க்கா ரெண்டு பேருக்கும் பொதுவுங்க. செல்லாயாளும் ஒத்துக்கணும்.”

“கேட்டீங்களா?”

“அவகிட்டயா!”

செல்லாயாள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே கிணறு, ஒரே வாய்க்கால். வாய்க்கால் முடியும் இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் காடு. கிணற்றின் நடுப்படி வெளியே தெரியும் வரை ஒருத்திக்கு, அதற்குக் கீழே உள்ள தண்ணீர் மற்றவளுக்கு. மாமனார் காலத்துப் பாகம் அது.

முன்பெல்லாம் நடுப்படி தெரிந்தாலும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள். பாய்ச்சி முடித்தவள் தன் காட்டுக்குத் தண்ணீர் திரும்பும் மடையை அடைத்து, அடுத்தவள் மடையை வெட்டிவிட்டு, “மடை மாத்தியாச்சு!” என்று கத்துவாள். இன்றைக்கு இவள் முதலில் பாய்ச்சினால் நாளைக்கு அவள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அக்கம்பக்கத்துக்காரர்கள் சோற்றுக்குக் கிளம்புவார்கள்.

போன வருஷம் செல்லாயாள் மகள் வயதுக்கு வந்ததற்குச் சீர் நடந்தது. புருஷனை இழந்தவள் என்று பாவாத்தாளைப் பந்தலுக்குள் யாரும் கூப்பிடவில்லை, செல்லாயாள்கூட. தூக்கி வளர்த்த பெண்ணுக்கு ஒரு பூ வைக்க வழியில்லாமல் வெளியே நின்றுவிட்டு வந்தாள். அந்த வலி இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து இவள் விடிகாலையில் பாய்ச்சி மோட்டாரை நிறுத்திவிடுவாள். செல்லாயாள் பொழுது சாயத்தான் வருவாள். ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிப்பதில்லை.

சாமி எழுந்து குடத்தை எடுத்தார்.

“ஆத்தா, அந்தச் செம்பருத்தி வாடிக் கெடக்குது. ஒரு குடம் ஊத்துங்க.”

தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து செடி வரைக்கும் கையகலத்தில் ஒரு வாய்க்கால். வெயிலில் வெடித்துக் கிடந்தது. பாவாத்தாள் ஒரு குடம் ஊற்றினாள். தண்ணீர் பாதி தூரம் போனது, நின்றது, மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

சாமி அதே குடத்தில் மொண்டு வந்து ஊற்றினார். தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்ச் செடியின் காலைச் சுற்றி நின்றது.

“என்ற குடம் போய்ச் சேர்ந்துருச்சு, பாருங்க” என்றார்.

“சேராம என்ன? முன்னாடி ஊத்தி நனைச்சு வச்சது யாரு? இது எனக்குத் தெரியாதாக்கும்! காய்ஞ்ச வாய்க்கா குடிக்கும், ஈர வாய்க்கா குடுக்கும். மம்பட்டி புடிச்ச நாள்லருந்து பார்க்கறேன்.”

“தெரிஞ்சுமா ஆத்தா?”

அவள் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“காலைல எனக்கும் காய்ஞ்சு கெடக்குது, சாயங்காலம் அவளுக்கும் காய்ஞ்சு கெடக்குது” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“நான் நிறுத்தாம மடை மாத்தினா, நான் நனைச்ச வாய்க்கால்ல அவ சுகமாப் பாய்ச்சிக்குவா. எனக்கு என்னுங்க மிச்சம்? அவளுக்குத்தான லாபம்!”

“ஆமாங்க ஆத்தா” என்றார் சாமி. “அவங்களுக்குத்தான்.”

மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மோரைக் குடித்தார். சொம்பைக் கழுவி, அவள் கையில் கொடுத்துவிட்டு, மீதி வாசலைக் கூட்டப் போய்விட்டார்.

வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தாள்.

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல மோட்டாரைப் போட்டாள். வழக்கம்போல வாய்க்கால் பாதியைக் குடித்தது. நடுப்படி தெரிந்தது. சுவிட்சில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. அந்தப் பந்தலும், தான் வெளியே நின்றதும் நினைவுக்கு வந்தன. கூடவே, புதுப்பெண்ணாக வந்த செல்லாயாள் மோட்டார் சத்தத்துக்குப் பயந்து இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

கையை எடுத்துக்கொண்டாள். காட்டுக்குப் போய்த் தன் மடையை அடைத்தாள், ஓரகத்தி மடையை வெட்டிவிட்டாள். கத்துவதற்கு வாய் வரவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, திருடியவள்போல விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

ஓடுகிற மோட்டார் சத்தத்தைக் கேட்டுச் செல்லாயாள் வெளியே வந்தாளா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தபோதே மோட்டார் சத்தம் கேட்டது.

செல்லாயாள்தான் போட்டிருக்க வேண்டும். இது என் முறை. என் தண்ணீர். ஒருநாள் இடம் கொடுத்தேன், மறுநாளே தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்! மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியிலேயே அடுக்கிக்கொண்டாள். சாமிக்கும் சேர்த்து நாலு வார்த்தை வைத்திருந்தாள்.

கிணற்றை எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் நடுப்படி தலைகாட்டிக்கொண்டிருந்தது; அதற்குக் கீழே உள்ள பாகம் அப்படியே இருந்தது.

வாய்க்காலில் கால் வைத்தாள். கரையெல்லாம் நனைந்து ஊறி, சில்லென்று இருந்தது. தண்ணீர் எங்கும் நிற்காமல் காட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

தொலைவில் செல்லாயாள் மண்வெட்டியோடு குனிந்து நின்றாள். தன் மடையை அடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து மடைக்கு நகர்ந்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். வாடிக் கிடந்த மஞ்சளுக்குள் தண்ணீர் புகுந்தது.

அவள் நிமிர்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. குரல் மட்டும் பழைய குரலாக வந்தது.

“அக்கா! மடை மாத்தியாச்சு!”

பாவாத்தாள் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுக்கி வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காடே கேட்கும்படி கத்தினாள்.

“வந்துருச்சு அம்மிணி!”