கல் முடியும் இடம்

"விரட்டிவிட்ட கடல்..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார். குணபாலனுக்குப் பாதிதான் நினைவிருந்தது. வெளிநாட்டில் இருபது வருஷம் இருந்ததில் மீதி போய்விட்டது.

இப்போது ஊர் திரும்பி, அயல்நாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் அதிகாரி. ஒரு நாள் மதியம், கடற்கரையில் இருந்த தன் குருவின் குடிசைக்கு வந்து நின்றான். குரு அவனைவிடப் பத்து வயது இளையவள். அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"அம்மா, பயமா இருக்கு."

"எதுக்கு?"

"தெற்குக் குப்பத்துல போன வருஷம் கடலுக்குள்ள கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டோம். அங்க கரை அரிக்கிறது நின்னுடுச்சு. அடுத்த வளைவும் அங்கேயேன்னு மேலிடம் சொல்லுது. எங்க முதல்ல செய்யணும்னு எனக்கு ஒரு சந்தேகம். நாளைக்குக் கையெழுத்து. போடலேன்னா வேலை போயிடும்."

குரு பாயைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"வாங்க ஆபீசர். படுத்து யோசிக்கலாம்."

கரையோரமாக வடக்கே நடந்தார்கள். கல் முடிந்தது. அதை அடுத்து வடக்குக் குப்பம்.

"இது எங்க லிஸ்ட்லயே இல்லையேம்மா."

"கடலோட லிஸ்ட்ல இருக்கு."

கடைசி வீட்டுக்கு மூன்று சுவர்தான் இருந்தது. நான்காவது இருந்த பக்கம் கடல்.

வீட்டுக்காரி ரோஸ்லின் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தவழும் குழந்தை. அதன் இடுப்பில் கயிறு, மறுமுனை தூணில்.

"குழந்தையையா கட்டி வச்சிருக்கீங்க?"

"ஆட்டைக் கட்டுறதில்ல சார். அதுக்குக் கடல்னா பயம். இதுக்கு இன்னும் தெரியலியே."

குரு தரையைக் காட்டினாள். குணபாலன் பாயை விரித்துப் படுத்தான்.

முதுகுக்கு அடியில், மண்ணுக்குள், ஏதோ இடித்தது. எழுந்து உட்கார்ந்தான்.

"அலைதான்," என்றாள் ரோஸ்லின். "அடியில அரிக்குது."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் கல்லு போட்டதுலேர்ந்து. எங்களுக்கு முன்னால மூணு வரிசை வீடு இருந்துச்சு."

பெரியப்பா சொன்னதன் மீதி குணபாலனுக்கு நினைவு வந்தது: "...பக்கத்து வீட்டுக்குப் போகும்."

"போடுறப்ப உங்களை யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க சார். லாரி போக வழி கேட்டாங்க. விட்டோம்."

மறுபடி இடித்தது. தரையில் இருந்த வெடிப்பு கொஞ்சம் அகன்றது. குழந்தை சிரித்துக்கொண்டே கடல் பக்கம் தவழ்ந்தது. கயிறு விறைத்து நிறுத்தியது.

குணபாலனின் கை கயிற்றைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பயமா இருக்கா?" என்றாள் குரு.

"இருக்கும்மா."

"எதுக்கு?"

அவன் குழந்தையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கயிற்றை விடவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தான்.