எல்லாச் சாலையும் அரண்மனைக்கே

கொற்றந்துறையை ஆண்ட சேந்தன் ராஜா தங்கமானவர். யவனப் பைத்தியம் மட்டும் அவருக்கு இல்லாதிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

யவனர்கள் ரோமாபுரியிலிருந்து கடல் தாண்டி மிளகு வாங்க வருகிறவர்கள். தங்கள் ஊர்க் குளிருக்குக் குளத்தடியில் நெருப்பு மூட்டிக் குளிப்பவர்கள். ராஜாவும் அப்படி ஒரு குளம் கட்டினார். சித்திரை வெயிலில் அதில் இறங்கி, வெந்த பனங்கிழங்காக வெளியே வந்தார். அவர்கள் கம்பளி சுற்றிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு மந்திரிகளுக்கும் சுற்றிவிட்டார். சபையே வேர்த்து வழிந்தபடி, "ஆகா, என்ன நாகரிகம்" என்று தலையாட்டியது.

ஆட்டாத தலை ஒன்றே ஒன்று. அது வெண்ணாகனுடையது. ஏடாகூடமாகப் பேசி ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் சபையில் அவன் வேலை. அதனாலேயே தலைமை மந்திரி அழிசிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

ஒரு பௌர்ணமியன்று மார்க்கன் என்கிற யவன வணிகன் சபைக்கு வந்தான். வந்தவன் மிளகுக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கலாம். பெருமை பேசினான்.

"எங்கள் தேசத்தில் எந்தச் சாலையில் கால் வைத்தாலும் அது ரோமாபுரியில்தான் கொண்டுபோய் விடும்."

ராஜாவின் முகம் வாடிவிட்டது. "நம் சாலைகள் எங்கே போகின்றன?"

"சந்தைக்கு, வயலுக்கு, மாமியார் வீட்டுக்கு" என்றான் வெண்ணாகன்.

"வெட்கக்கேடு. இனி எல்லாச் சாலையும் என் அரண்மனைக்கு வரவேண்டும். ஒன்றுகூட வேறெங்கும் போகக்கூடாது."

சமயம் பார்த்திருந்த அழிசி எழுந்தார். "அருமையான யோசனை, மன்னா. இதைச் செய்ய வெண்ணாகனைவிட்டால் ஆள் ஏது?"

"சரி. அடுத்த பௌர்ணமிக்குள் முடி, வெண்ணாகா. முடியாவிட்டால் நாட்டைவிட்டே போய்விடு."

வீட்டில் அவன் மனைவி வேண்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எட்டு மாச வயித்தோட நான் எந்த ஊருக்கு நடக்கறது? உன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?"

வெண்ணாகன் முதல்முறையாகப் பயந்துவிட்டான். மறுநாள் காலையிலேயே துறைமுகத்துக்கு ஓடி மார்க்கனைப் பிடித்தான்.

"உங்கள் சாலைகளைப் போட எத்தனை நாள் ஆயிற்று?"

"நாளா? முந்நூறு வருஷம். வேலை செய்தது பட்டாளம்."

"எனக்கு இருபத்தெட்டு நாள். பட்டாளமும் இல்லை. வேறு ஏதாவது சொல்."

மார்க்கன் யோசித்தான். "வழியெல்லாம் ஆயிரம் இரட்டைக் காலடிக்கு ஒரு கல் நடுவோம். ஊர் எவ்வளவு தூரம் என்று அதில் வெட்டியிருக்கும்."

நாம் இன்றைக்கும் மைல்கல் என்கிறோமே, அதில் உள்ள மைல், ரோமாபுரி மொழியில் ஆயிரத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். வெண்ணாகன் முகத்தில் உயிர் வந்தது. சாலை போடத்தான் முந்நூறு வருஷம் வேண்டும், கல் நடுவதற்கு வேண்டாமே. சாலை போடாமல் பலகையை மட்டும் வைக்கிற வித்தை நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாளே நாட்டின் ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒரு கல் நின்றது. எந்தக் கல்லைப் பார்த்தாலும் "அரண்மனை" என்றே எழுதி, அம்புக்குறியும் தூரமும் போட்டிருந்தது. பக்கத்தில் ஈட்டியோடு ஒரு காவலன். "கல் காட்டுகிற பக்கம் நட. அரசாணை" என்பதைத் தவிர வேறு பேச்சே அவனிடம் கிடையாது.

பௌர்ணமியன்று காலை ராஜா ஆசையோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். முதலில் சந்தைக்குக் கிளம்பிய கருவாட்டு வண்டிகள் வந்தன. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு பூரித்தார். அடுத்து மேய்ச்சலுக்குக் கிளம்பிய எருமைகள் வந்து யவனக் குளத்தில் சுகமாக இறங்கின. அதற்கும் பொறுத்துக்கொண்டார்.

பிறகு தாம்பூலமும் சீர்வரிசையுமாக ஒரு புதுப்பெண் வந்து நின்றாள். அது ஆவணி மாதம், முகூர்த்த நாள். சற்று நேரத்தில் இரண்டாவது பெண் வந்தாள். மூன்றாவது பெண் வலது காலை எடுத்து வைத்து அரண்மனைக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். ராணி வெளியே வந்தாள்.

"யார் இவர்கள்?"

"புகுந்த வீட்டுக்குப் போகிறவர்கள். சாலை இங்கே அழைத்துவந்துவிட்டது" என்றார் ராஜா. "நானில்லை. எல்லாம் அழிசி ஆமோதித்த யோசனை."

ராணி அழிசியைத் தேடி ஆள் அனுப்பினாள்.

உச்சிவேளையில் பறையொலி கேட்டது. பாடை ஒன்று வந்து வாசலில் நின்றது. முன்னால் நின்றவன் கும்பிட்டான்.

"சுடுகாட்டுக்குத்தான் சாமி கெளம்பினோம். கல்லு இங்க காட்டுது. பெரியவரை எங்க எறக்கறது?"

ராஜா ஆசனத்தைவிட்டுத் துள்ளி எழுந்தார். "இங்கே இறக்காதே. உடனே தூக்கிப் போ."

"போறோம் சாமி. எந்தச் சாலையில போறது? எல்லாம் இங்க வர்ற சாலையாவே இருக்கே."

ராஜா திரும்பினார். "வெண்ணாகா, வெளியே போக ஒரு சாலையாவது விட்டு வைத்திருக்கக்கூடாதா?"

"வேறெங்கும் போகக்கூடாது என்பது தங்கள் ஆணை, மன்னா. ஆணையை மீற நான் யார்?"

"அழிசி எங்கே?"

பதில் வாசலிலிருந்தே வந்தது. முழங்கால்வரை புழுதி, தலையில் துணிமூட்டை, உடம்பில் பாதி அவிழ்ந்த கம்பளி. அழிசி தள்ளாடிக்கொண்டு நுழைந்தார்.

"ராணியார் தேடுகிறார் என்றதும் ஊரைவிட்டு ஓடலாம் என்று கிளம்பினேன், மன்னா. கிழக்கே போனேன், மேற்கே போனேன், ஆற்றங்கரைப் பக்கமும் போனேன். மூன்று தடவையும் ஈட்டியைக் காட்டி இங்கேயே அனுப்பிவிட்டார்கள்."

ராஜா அவரைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார், பிறகு ராணியையும் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாடை தூக்கியவர்களே சிரித்துவிட்டார்கள்.

"கல்லையெல்லாம் பிடுங்குங்கள். வெண்ணாகா, நீ எங்கும் போகவேண்டாம். சொன்னதைச் செய்துவிட்டாய். என்ன பரிசு வேண்டும்? யவனப் பொன்னா, யவன மதுவா?"

"அதெல்லாம் வேண்டாம், மன்னா. என் வீட்டுக்குப் போகிற சாலையில் இருக்கும் கல்லை முதலில் பிடுங்கச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து நானும் வீடு போய்ச் சேரவில்லை."