வால்வில் வந்த சிவப்புத் தூசி

ஓசூர்ப் பக்கம் வால்வு செய்யும் கம்பெனி ஒன்று. வாசலில் லாரி எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. மேனேஜர் சச்சிதானந்தம் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் லேபுக்குள் பாய்கிறார். அங்கே மாதேவிக்கு ஒரே வேலை. வால்வைக் கழுவிய தண்ணீரை வெள்ளை ஃபில்டர் தாளில் வடித்து, தாளில் தங்கும் தூசியை மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும்; தூசி இல்லையென்றால்தான் வால்வு லாரி ஏறும். மூன்றாவது வால்விலும் சிவப்புத் தூசி வந்துவிட்டது.

"கழுவத் தெரியாதவளை எவன் வேலைக்கு வெச்சான்?" என்று மேஜைமேல் குனிந்து கத்தினார் மேனேஜர். "இது யார் போட்ட தூசின்னு இப்பவே சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

மாதேவி புதுத் தாள் ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை எடுத்து அவருக்கு முன்னால் மேஜையில் வைத்தாள்.

"சொல்லிடறேன் சார். அதுக்கு முன்னாடி, இப்பத் திட்டின மாதிரியே இன்னொரு தடவை திட்டுங்க."

கேட்கவா வேண்டும்? தலையை ஆட்டி ஆட்டி, மூச்சு வாங்கும்வரை திட்டினார்.

அவள் அதே தாளை மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். திரையில் பதினொரு சிவப்புத் தூசி.

"இதுல வால்வே இல்லையே சார். ரிப்போர்ட்டுல யார் பேரைப் போடட்டும்?"

வெள்ளிக்கிழமை பூஜையில் நெற்றி நிறைய அப்பிக்கொண்ட குங்குமத்தை மேனேஜர் தொட்டுப் பார்த்தார். வெளியே போனார். அதன்பின் கழுவிய வால்வு சுத்தமாக வந்தது, லாரியும் கிளம்பியது.

இன்றைக்கும் அவர் திட்டத்தான் செய்கிறார், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று. உள்ளே ஒரு சொல்லும் கேட்பதில்லை.