திரும்பி வந்த இஞ்சி மிட்டாய்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை.

சொன்னவர் அருளப்பன். என் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். வேலைக்கு வருவதற்கு முன் ஒரு மலை ஊரில், பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த மிட்டாய்க் கடையில் தொழில் பழகியதாகச் சொல்வார்.

கடைக்காரியின் பெயர் ஆக்னஸ். வளைவுகளில் சுற்றி ஏறி வந்து வயிறு கலங்கி இறங்குகிறவர்களுக்கு அவள் இஞ்சி மிட்டாய் விற்றாள்.

தொழில் பழக வந்தவன் (தன்னை அப்படித்தான் சொல்வார்) ஒருநாள் கேட்டான்.

"எனக்குத் தொழில் வந்துடுச்சுன்னு எப்பக்கா சொல்லுவீங்க? தனியா ஒரு கடை போடணும்."

ஆக்னஸ் மிட்டாய்ப் பாட்டிலைக் காட்டினாள்.

"முதல்ல மூடியை மூடு. பனி உள்ள போனா மிட்டாய் வேர்த்துடும்."

மூடினான்.

"பாகு பதம் தெரியுது. வெட்டத் தெரியுது. இன்னும் என்ன?"

"திரும்பி வர்றதைத் தின்னப் பழகு."

அது அந்தக் கடையின் வழக்கம். சரியில்லை என்று யார் மிட்டாயைத் திருப்பிக் கொண்டு வந்தாலும், ஆக்னஸ் அதைத் தூக்கி எறிய மாட்டாள். கொண்டு வந்தவர் முன்னாலேயே வாயில் போட்டு, மென்று, யோசித்து, அப்புறம்தான் பேசுவாள்.

தினமும் நாலு மணிக்கு ஒருவர் திருப்பிக் கொண்டு வருவார். ஊருக்குப் புதிது. ஏதோ ஆபீசில் வேலை.

"இஞ்சி கம்மியா இருக்குங்க."

ஆக்னஸ் மெல்லுவாள். "ஆமா. கம்மிதான்." வேறு ஒன்று கொடுப்பாள்.

மறுநாள், "இனிப்பு கூடுதல்."

"ஆமா. கூடிப்போச்சு."

அதற்கு மறுநாள் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை போல. மிட்டாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்பச் சதுரமா இருக்கு."

பழக வந்தவன் சிரித்துவிட்டான். "நாளைக்கு உருட்டி வைக்கட்டுமா சார்? இல்ல, முக்கோணமா?"

ஆக்னஸ் சிரிக்கவில்லை. மென்றாள்.

"ஆமா. ஓரம் குத்துது."

அவர் பத்தடி போவதற்குள் இவன் கத்தினான்.

"பொய் சொல்றாருக்கா! மிட்டாயில ஒரு குறையும் இல்ல."

"இல்லதான்."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிறீங்க?"

"நாளைக்கு நாலு மணிக்கு அவருக்கு வேற எங்க வேலை இருக்கு?"

நடந்து போனவர் அதைக் கேட்டிருப்பார். ஆனாலும் மறுநாள் வந்தார்.

அன்று ஆக்னஸ் பஸ் ஜன்னலோரம் நின்று விற்றுக்கொண்டிருந்தாள். கடையில் இவன் மட்டும். அவர் பொட்டலத்தைப் பிரித்து, வாயைத் திறப்பதற்குள் இவன் சொன்னான்.

"குறை மிட்டாயில இல்ல சார், உங்ககிட்ட. நாளையிலேருந்து வராதீங்க."

அவர் பொட்டலத்தை மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு ஆக்னஸ் ஒரு மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் வைத்து, மேஜை ஓரத்தில் வைத்தாள். பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றாள்.

கடை விளக்கைப் போட்டதும் அந்த மிட்டாயைத் தானே வாயில் போட்டாள். மென்றாள். தலையை இல்லை என்று ஆட்டினாள்.

இவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். இவன் தலையைக் குனிந்தான்.

அப்படியே பல நாள். வைப்பாள். பார்ப்பாள். தின்பாள். தலையை ஆட்டுவாள்.

மழை பிடித்த ஒரு நாளில் இவனே மிட்டாயை எடுத்து வைத்தான். இவனே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தான். விளக்கைப் போட்டதும் வாயில் போட்டு மென்றான். நெடுநேரம் மென்றான். இவனும் தலையை ஆட்டினான்.

ஆக்னஸ் இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

கதை அவ்வளவுதான்.

"தலையைக் குனியிற மாதிரி அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"தெரியலைப்பா. பஸ் சத்தம்."

"சாவியைக் குடுக்கும்போது?"

"அப்பவும் பஸ் சத்தம்."

எனக்கு இடித்தது அங்கேதான். 'வராதீங்க' என்பது வரைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கப்புறம் ஒருவர் குரலும் இல்லை. எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தது போல. சாவி வாங்கியவன் அப்புறம் எங்கே கடை போட்டான் என்றால் அதற்கும் பதில் இல்லை.

மறதி என்று விட்டுவிட்டேன். அப்படி விடுவது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

என் மனைவி இறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில், அருளப்பன் வீட்டுக்குப் போனேன். அவரிடம் வாங்காத ஒரு புத்தகத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒற்றை அறை. ஒரே நாற்காலி. அதை எனக்குப் போட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஆமா. என்னுதுதான்" என்றார்.

அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். இஞ்சி மிட்டாய். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு மூடியை இறுக்கி மூடினார். சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடியும் திருகிப் பார்த்தார்.

மிட்டாயை வாயில் போட்டு மென்றேன்.

அப்புறம் கேட்டேன்.

"வராதீங்கன்னு சொன்னப்புறமும் பஸ் ஸ்டாண்டுல நின்னு தினமும் பாத்திருக்கீங்க. நடுவுல ஒரு ரோடுதானே சார்... ஏன் தாண்டலை?"